வேன் கிளம்பாத ஞாயிறு

"இன்னிக்கும் கிளம்பலையா? போன வாரமும் இதே கூத்துதானே!"

வேனை வாங்க வந்தவர் அலுத்துக்கொண்டே சாவியை இன்னொரு தரம் திருகினார். வேன் இருமியது. அதோடு சரி.

அவர் மனைவி உள்ளே வீடு மாதிரி அமைத்திருந்த கட்டிலையும் குட்டி அடுப்பையும் மடக்கு மேசையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேன் பிடித்துவிட்டது. கணவருக்குத்தான் முகம் தொங்கிப்போயிருந்தது.

"கொஞ்சம் இருங்க. மெக்கானிக்கை வரச் சொல்லிட்டேன்," என்றார் அப்பா.

மகளுக்கு எரிச்சல் தாங்கவில்லை. அப்பாவுக்கு வயது எழுபத்தாறு. இனிமேல் வண்டி ஓட்டவே கூடாது என்று கண் டாக்டர் சொல்லியாகிவிட்டது. வெளிநாட்டில் இருந்தபடியே வேனை விற்க விளம்பரம் கொடுத்தாள். ஐந்து வாரமாகியும் போகவில்லை. ஆள் வரும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வேன் மக்கர் பண்ணும். லீவு போட்டு அவளே வந்தும் கதை மாறவில்லை. செவ்வாய்க்கிழமை அவளுக்கு விமானம்.

மெக்கானிக் வந்தார். ஐம்பது வயதிருக்கும். வேனின் பின்பக்கம் இருந்த எஞ்சின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டார். அப்பா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"தம்பி, இந்த வேனை நான் ஒரு மேஜிக்காரர்கிட்ட வாங்கினேன். சொல்லியிருக்கேனா?"

"இல்லையே சார். சொல்லுங்க."

போச்சுடா என்று நினைத்தாள் மகள். வருஷக்கணக்காக சீட்டுக்கடியில் இருந்து புறா இறகு வந்த கதை. வீட்டை விட்டு ஓடிவந்த ஜோடிக்கு இந்த வேனுக்குள்ளேயே கல்யாணம் நடந்து, பெண்ணின் மாமா கூரைமேல் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்ற கதை. சினிமாவில் வில்லனின் வண்டியாக நடித்து ஆற்றில் இறங்கிய கதை. ஒவ்வொரு வேஷத்துக்கும் வேனுக்கு ஒரு பெயின்ட். சுரண்டினால் ஐந்து நிறம் வரும்.

அம்மா இருந்தவரை கூடவே திருத்திக்கொண்டிருப்பாள். "புறா இறகு இல்லைங்க, முயல் ரோமம்!" இரண்டு வருஷமாகத் திருத்த ஆளில்லாமல் அப்பாவின் கதைகள் நீண்டுகொண்டே போயின.

மணி பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது.

"சரியானதும் ஒரு போன் போடுங்கம்மா. நாளைக்குச் சாயங்காலம் வேணா வந்து பார்க்கறோம்." வாங்க வந்தவர் மனைவியை இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனார்.

ஒரு மணிக்கு வேன் ஜம்மென்று கிளம்பியது.

மகள் மெக்கானிக்கை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் மடக்கினாள்.

"வாராவாரம் மூணு மணி நேரமா? உங்களுக்கு வேலை தெரியுமா, தெரியாதா?"

"பழைய வண்டிம்மா. கோளாறு சட்டுனு பிடிபட மாட்டேங்குது."

"வர்றவங்க எல்லாம் சலிச்சுப் போகட்டும், அப்புறம் சல்லிசா நாமே வாங்கிக்கலாம்னு பார்க்கறீங்களா?"

மெக்கானிக்கின் முகம் சுருங்கியது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. "அந்தத் தம்பியை ஏம்மா அப்படிக் கேட்டே? இனிமே வருவாரா?" என்று மட்டும் இரண்டு தரம் கேட்டார்.

மறுநாள் காலை வேனின் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி அப்பாவின் மேசை டிராயரை இழுத்தாள். உள்ளே ஒரு கைக்குட்டை முடிச்சு. அவிழ்த்தால், கறுப்பாக, கட்டைவிரல் அளவில் ஐந்து சாமான்கள். ஐந்தும் ஒரே மாதிரி. எண்ணெய் வாடை அடித்தது.

முடிச்சோடு நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள்.

"இது என்னது?"

மெக்கானிக் எட்டிப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "ரோட்டர்ம்மா. எஞ்சின்ல இருக்கிறது. இது இல்லேன்னா வண்டி கிளம்பாது."

"அப்பா டிராயர்ல இருந்துச்சு."

"தெரியும்மா. ஞாயித்துக்கிழமை காலையில அவர் கழட்டி எடுத்து வெச்சுக்குவார். நான் வந்து புதுசு ஒண்ணு மாட்டிட்டுப் போவேன். முதல் வாரமே கண்டுபிடிச்சுட்டேன்."

அவள் முடிச்சை அவர் மேசைமேல் வைத்தாள்.

"வேனை விட மனசில்லைன்னா அப்பா என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"வேன் மேல அவருக்கு ஒண்ணும் இல்லைம்மா. நிக்கிற வண்டி யாருக்காவது உதவட்டும்னு அவரே சொல்றார். ஆனா வேன் கெட்டாத்தானே என்னைக் கூப்பிட முடியும்? சும்மா வா, பேசிட்டிருக்கலாம்னு கூப்பிட அவருக்குக் கூச்சம். காரணமில்லாம யாரையும் தொந்தரவு பண்ணாத மனுஷன்."

"அதுக்கு மூணு மணி நேரமா?"

"ரோட்டர் மாட்ட ரெண்டு நிமிஷம் போதும். அவர் பேசி முடிக்க வேண்டாமா?"

"நேத்து நான் உங்களை..."

"அதை விடுங்கம்மா. சாயங்காலம் நேத்து வந்தவங்களை வரச் சொல்லுங்க. சாவியைப் போட்டதுமே கிளம்பும்."

"வித்துட்டு நாளைக்கு நானும் போயிடுவேன்." அவள் குரல் உடைந்தது. "அப்புறம் ஞாயித்துக்கிழமை வந்தா அப்பா என்ன பண்ணுவார்?"

மெக்கானிக் அந்த முடிச்சைக் கட்டி அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"தாராளமா வித்துட்டுப் போங்கம்மா. வர்ற ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு என் ஸ்கூட்டர் உங்க வீட்டு வாசல்ல ரிப்பேராகி நின்னுடும். சரி பண்ண எப்படியும் மூணு மணி நேரமாவது ஆகும்."