செனட்டரின் முதுகுத் தழும்பு

“அந்தப் பதக்கத்தை விளம்பரத்துல காட்டக் கூடாது. இதோட மூணாவது தடவை சொல்றேன், லோர்னா.” செனட்டர் எவரெட் லிண்ட்குவிஸ்ட் எழுந்து போனார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

பிரசாரக் குழுத் தலைவி லோர்னா அப்படியே உட்கார்ந்திருந்தாள். அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சித் தேர்தலில் நியூ ஹாம்ப்ஷயர் வாக்களிக்க இன்னும் ஒன்பதே நாள். போட்டியாளரோ மேடைக்கு மேடை, “இராக் போருக்குப் போனேன்னு ஒரு வரி போட்டுக்கறாரு. மூணே மாசத்துல திரும்பிட்டாரு. அங்க என்ன கிழிச்சாருன்னு கேளுங்க!” என்று கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தார்.

பதக்கம் ஒன்று இருப்பதே செனட்டரின் மனைவி சொல்லித்தான் தெரியும். படைவீரர் என்று உரக்கச் சொன்னால் இந்த மாநிலத்தில் ஓட்டு ஏறும். ஓட்டு வேண்டாம் என்கிற அரசியல்வாதியை லோர்னா இதுவரை பார்த்ததில்லை.

அன்று காலை வந்த செனட்டரின் மருத்துவ அறிக்கையை மறுபடி புரட்டினாள். ‘பழைய குண்டுக் காயத் தழும்பு, முதுகில்.’

முதுகில். ஓடியவனுக்குத்தானே முதுகில் படும்?

மதியமே காரை எடுத்தாள். செனட்டரோடு ஒரே படைப்பிரிவில் இருந்த ராய்ஸ் டிபெட்ஸ், இரண்டு மணி நேரத் தொலைவில் பனி அள்ளும் வண்டிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். அவள் யாரென்று சொன்னதும் வண்டிக்கு அடியிலிருந்து மெல்ல வெளியே வந்தான்.

“என் பேரை அவரா சொன்னாரு?”

“இல்ல. பழைய போட்டோவுக்குப் பின்னாடி எழுதியிருந்துச்சு. அவர் மனைவி காட்டினாங்க.”

அவன் துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

லோர்னா சுற்றி வளைக்கவில்லை. “முதுகுல தழும்பு இருக்கு. பதக்கத்தைப் பத்திப் பேச்செடுத்தாலே எழுந்து போயிடறாரு. பத்திரிகைக்காரங்க தோண்டறதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சாகணும். அவர் ஓடினாரா?”

“ஓடினாரு.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆறு மாத உழைப்பு, அத்தனையும் போச்சு.

“எந்தப் பக்கம்னு கேக்க மாட்டீங்களா மேடம்?” அவன் குரலில் கோபம் இருந்தது. “எதிரிங்க இருந்த வீட்டைப் பாத்து ஓடினாரு. அந்த வாசல்ல எங்க ஆளுங்க ரெண்டு பேர் அடிபட்டுக் கிடந்தாங்க. புழுதியில பத்தடிக்கு அந்தாண்ட ஒண்ணும் தெரியல. நாங்க எல்லாரும் பின்னால சுவரோரமா பதுங்கிச் சுட்டுட்டிருந்தோம். அவர் மட்டும் போனாரு. பாதி வழியில குண்டு பட்டுச்சு. அதோடயே ரெண்டு பேரையும் இழுத்துட்டு வந்துதான் விழுந்தாரு.”

லோர்னாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இந்த மனிதரையா சந்தேகப்பட்டோம்!

“இது போதும் ராய்ஸ்! இதையே கேமரா முன்னாடி சொல்லிடுங்க. அவர் ஜெயிச்ச மாதிரிதான்!”

“சொல்றேன். நான் சொல்ல வேண்டியதுதான். சொல்லக் கூடாதுன்னு அவர்தான் என்கிட்ட சத்தியம் வாங்கினாரு.”

“எதுக்கு சத்தியம்?” லோர்னாவின் சிரிப்பு பாதியில் நின்றது. “இருங்க... எதிரிங்க அவருக்கு முன்னாடிதானே இருந்தாங்க? அப்போ பின்னாலேர்ந்து யாரு...”

ராய்ஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“நான்தான் சுட்டேன், மேடம்.”