கறுப்பனின் பத்தியம்

கறுப்பனுக்கு அரிப்பு அடங்கவே இல்லை. வயிற்றில் முடி கொட்டி, தோல் சிவந்து கிடந்தது.

"இது சாப்பாட்டு அலர்ஜி. நான் சொன்ன உணவைத் தவிர ஒரு பருக்கைகூட நாய் வாயில படக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! வீட்டுல யாரோ திருட்டுத்தனமா எதையோ கொடுக்கறீங்க" என்று கறுப்பனைக் கூட்டி வந்த தம்பதியிடம் சீறினார் கால்நடை டாக்டர்.

மனைவி கணவரை முறைத்தாள். "வேற யாரு டாக்டர், இவருதான். அது வாலை ஆட்டினா போதும், உருகிடுவாரு."

"சத்தியமா நான் இல்லம்மா!"

பாவம், இந்தச் சந்தேகத்தால் மனிதருக்கு ஒரு மாதமாகப் பால்கனியில்தான் சாப்பாடு. அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு.

"சரி, இந்த வார ஊசியைப் போட்டுடலாம். மேசை மேல ஏத்துங்க."

ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. மற்ற நாய்களெல்லாம் வாசலிலேயே நடுங்கிக்கொண்டிருக்க, கறுப்பன் தானாகத் தாவி ஏறி, டாக்டரின் கோட்டுப் பைக்குள் மூக்கை நுழைத்தது.

"சமத்து! ஊசின்னா இவன் மட்டும் பயப்படவே மாட்டான்" என்றபடி பழக்கதோஷத்தில் பைக்குள் போன டாக்டரின் கை, ஒரு பிஸ்கட்டோடு வெளியே வந்து அந்தரத்தில் நின்றது.



கணவர் தொண்டையைச் செருமினார்.

"ராத்திரி சாப்பிட வாங்க டாக்டர். பால்கனியில இன்னொரு நாற்காலி போட்டு வைக்கிறேன்."