மூன்று நொடி அனுமதி

"வீட்டு பிளான் அப்ரூவல் வரட்டும், உங்கப்பாகிட்ட பேசிடறேன்" என்று ஆறு வருடமாக நாகஜோதியிடம் சொல்லிவந்தான் வேலவன். அவள் அப்பாவை நினைத்தாலே அவனுக்கு நாக்கு உலர்ந்துவிடும்.

இன்று நகராட்சியில் வீட்டு வரைபடங்களைச் சரிபார்க்கும் புது இயந்திரம் வந்துவிட்டது. மூன்றே நொடியில் அனுமதி.

நிராகரிக்கட்டும் என்றே படிக்கட்டில்லாத மாடி வரைந்து அனுப்பினான். இயந்திரம் படிக்கட்டைச் சேர்த்து அனுமதித்தது. நடுத்தெருவரை பால்கனியை நீட்டினான். அதை நறுக்கிவிட்டு அனுமதித்தது.

நாகஜோதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னும் வரையப் போறீங்களா, இல்ல எங்கப்பாவைப் பாக்க வர்றீங்களா?"

வேலவன் மூச்சை இழுத்துக்கொண்டு, அவள் அப்பா வீட்டு வாசலில் கல்யாணப் பந்தல் வரைந்து அனுப்பினான்.

இம்முறை ஒன்பது நொடி ஆயிற்று.

"அனுமதிக்கப்பட்டது. வீட்டு உரிமையாளரிடம் கேட்டோம். ஆறு வருடமாகக் காத்திருக்கிறாராம்."