கதவைத் தட்டாதவர்கள்

“அந்த வீட்டைப் பாக்காத. நேரா நட.”

ஜன்னலோரம் படித்துக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது. சொன்னது பால்காரக் குஞ்சம்மா, தன் மருமகளிடம். எங்கள் வாசலில் இருந்த செம்பில் பாலை ஊற்றிவிட்டு, இருவரும் ஓசையில்லாமல் போனார்கள்.

எனக்கு என்னவோ போலிருந்தது. தலத்தெருவில் எங்கள் வீட்டுக்குப் பொழுது விடிவதே கடன் கொடுத்தவர்களின் கூச்சலில்தான்.

அப்பா படுக்கையில் கிடந்து இறந்துபோன வருஷம் வாங்கிய கடன். குஞ்சம்மாவுக்குப் பால் பாக்கி. குரும்பகரம் காசியம்மாவுக்கு அரிசியும் கைமாற்றும். தவணைத் துணிக்காரர் கமாலுதீன் பாய்க்கும் உண்டு. எல்லாம் அண்ணன் நீலகண்டன் பேரில். யார் வந்து கத்தினாலும் அம்மா அடுப்படியில் ஒளிந்துகொள்வாள். நான்தான் கதவை விரலளவு திறந்து, “அம்மா இல்லீங்க” என்பேன்.

அன்று கடன் கேட்டு ஒருவரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

கமாலுதீன் பாய் எங்கள் வாசலைத் தாண்டும்போது சைக்கிள் மணியைக் கையால் பொத்திக்கொண்டு போனார். கோயில் வாசலில் காசியம்மா எதிரே வந்தாள். “வாங்க” என்றேன். நான் நின்ற இடத்தில் வெறும் காற்று இருப்பது போல, என்னைத் தாண்டிப் பார்த்துக்கொண்டே போனாள்.

“நாம செத்துட்ட மாதிரில்ல நடந்துக்கறாங்க!” என்றாள் அம்மா.

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். “டீக்கடை பெஞ்சுல வெள்ளைச் சட்டைக்காரர் ஒருத்தர் உக்காந்திருக்காரே, பாத்தியா?”

பார்த்திருந்தேன். அவர் எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மப்டி போலீசு. என்னைப் பத்தி விசாரிக்க வந்திருக்காரு.”

அண்ணனுக்கு டில்லியில் ராணுவ ஆபீஸ் வேலை கிடைத்திருந்தது. ரகசியத் தந்திகள் கைக்கு வரும் வேலை. விசாரணை நல்லபடி முடிந்தால்தான் உத்தரவு வரும்.

“குடிப்பியான்னு கேப்பாங்களாடா?”

“கடன் இருக்கான்னு கேப்பாங்கம்மா. கடன்ல முழுகினவனை எவன் வேணா காசைக் காட்டி வளைச்சுடலாமாம். அவனை நம்பி ரகசியத்தைக் குடுக்க மாட்டாங்க.”

அம்மாவின் கரண்டி பாதியில் நின்றது. “அதான் இவுங்க வரல. நம்மகிட்ட கத்தி என்ன ஆவப்போவுது? அந்த ஆளுகிட்டயே சொல்லி ஒரேயடியா பழி தீத்துக்கப் போறாங்க.”

“காசியம்மா அவருகூடப் பேசிட்டிருந்ததைப் பாத்தேம்மா” என்றேன் மெதுவாக.

அண்ணன் சாப்பிடாமலே கை கழுவினான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், அண்ணன் இல்லாத நேரத்தில் அந்த ஆளே வாசலுக்கு வந்தார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

குடித்துவிட்டுத் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு குரல் இல்லை. ஒரு மணிச் சத்தம் இல்லை.

“ரொம்ப அமைதியான தெரு” என்றார். “யாரைக் கேட்டாலும் ஒரே பதில்.”

என்ன பதில் என்று சொல்லவில்லை. அவர் பஸ் பிடிக்க நடந்தார்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகக் கதவு அதிர்ந்தது.

“ஏ வடிவாம்பா!” அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது காசியம்மாவின் குரல். “வாயை அடக்கி அடக்கி எனக்குத் தொண்டையே அடைச்சுப்போச்சு! சல்லிக்காசு கடன் இல்லாத குடும்பம்னு வாய் கூசாம பொய் சொல்லிருக்கேன்டி. அந்த ஆளு பஸ் ஏறுனதைக் கமாலுதீன் பாய் கண்ணால பாத்துட்டு வந்துட்டாரு. எங்கடி என் அரிசிக் காசு?”

பின்னால் குஞ்சம்மாவின் சத்தமும் கேட்டது. சைக்கிள் மணி விடாமல் அடித்தது.

கதவை விரலளவு திறக்க எழுந்தேன். அம்மா என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானே போய் இரண்டு கதவையும் அகலத் திறந்தாள்.