எந்த வரியில இருக்கு?

பரீட்சை நெருங்கியும் மகளுக்கு நோட்ஸ் கொடுக்காத வாத்தியாரை ஒரு பிடி பிடிக்கத்தான் அம்மா பள்ளிக்கு வந்திருந்தாள். வகுப்பு முடியட்டும் என்று ஜன்னலோரம் நின்றாள்.

உள்ளே நாடகப் பாடம்.

“சார், வீட்டை விட்டுப் போற அக்கா, சாவியைத் தம்பி கையில கொடுக்காம ஏன் மேசையில வெச்சுட்டுப் போறா?” என்று ஒரு மாணவன் கேட்டான்.

“நீங்கதான் சொல்லணும்,” என்றார் வாத்தியார்.

“கோபம் சார்!”

“எந்த வரியில இருக்கு? காட்டு.”

அவன் பக்கங்களைப் புரட்டத் தொடங்கினான். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். வீட்டில் வாயே திறக்காத மகள்!

“கோபம்னா வீசிட்டுப் போயிருப்பா சார். ரெண்டாவது காட்சியில தம்பி கையைப் பிடிச்சதுமே அழுதுடுறா, பாருங்க. இப்பவும் கையில கொடுத்தா, அப்புறம் போகவே முடியாதுன்னு பயம்.”

வகுப்பே ரெண்டாவது காட்சியைப் புரட்டியது.

மணி அடித்ததும் அம்மா வாத்தியாரிடம் போனாள். “சண்டை போடத்தான் சார் வந்தேன். விடையைச் சொல்லாம எப்படித்தான் வாயை அடக்கிக்கிட்டு இருந்தீங்களோ!”

வாத்தியார் தலையைச் சொறிந்தார். “தெரிஞ்சாத்தானேம்மா சொல்றதுக்கு? நான் கணக்கு வாத்தியார். இந்தப் பாடம் எடுக்கிற டீச்சர் பிரசவ லீவுல போனதும் என்னை இங்க தள்ளிட்டாங்க. நாடகத்தை நான் படிச்சதே இல்ல.”

“பின்ன, எந்த வரின்னு கேட்டீங்களே?”

“கணக்குல விடை மட்டும் எழுதினா மார்க் கிடையாது, வழியும் காட்டணும். அந்தப் பழக்கம்தான்.”

அம்மா சிரித்துவிட்டாள். “இன்னைக்கு அவ புத்தகத்தை நானே படிக்கப் போறேன்.”

“ஐயோ, அதை இப்பதான் நான் அவகிட்ட கேட்டு வாங்கி வெச்சிருக்கேனே!” வாத்தியார் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “அந்த அக்கா திரும்பி வந்தாளான்னு தெரியாம எனக்குத் தூக்கம் வராதும்மா. நாளைக்கு நீங்க!”