தரைதட்டிய மாப்பிள்ளை

கடைசி ஸ்க்ரூவும் கழன்றது. பழைய டிரான்ஸ்டியூசர் அவர் கையில் சொத்தென்று விழுந்தது.

படகின் பின்பலகையில், தண்ணீருக்குள் முங்கியபடி இருந்த கறுப்புக் கட்டி அது. கீழே ஒலியை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்புவதைக் கேட்டு, ஆழம் எத்தனை அடி என்று திரைக்குச் சொல்வது அதன் வேலை. இருபத்திரண்டு வருடங்களாக அந்த வேலையைச் செய்யவில்லை. சிப்பி வளர்த்துக்கொண்டு சும்மா இருந்தது.

மாற்றலாம் என்று அவர் வாயெடுக்கும்போதெல்லாம், "கழி எதுக்கு இருக்கு? குத்திப் பாருங்க" என்று மனைவி பேச்சை முடித்துவிடுவாள்.

இன்று மாற்றியே ஆகவேண்டும். சாயங்காலம் மச்சான் வருகிறார். மனைவியின் அண்ணன். ஆழம் காட்டுற மெஷின் வேலை செஞ்சாதான் படகில் கால் வைப்பேன் என்று போனிலேயே சொல்லிவிட்டார்.

சொல்ல அவருக்கு உரிமை இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவர் இதே படகில் அண்ணனையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு கழிமுகத்தைச் சுற்றிக்காட்டப் போனார். மச்சான் அப்போது சம்மதம் சொல்லியிருக்கவில்லை. மூன்று மாதமாக இருவருக்கும் நடுவில் சுவர்போல உட்கார்ந்திருந்தார். அன்று படகிலும் நடுப்பலகைதான் அவர் இடம்.

ஆழம் காட்டும் திரை ஒன்றுமே காட்டாமல் கிடக்க, படகு நேராகப் போய் மணல்திட்டில் ஏறி நின்றது. தண்ணீர் வற்றிக்கொண்டே போனது.

ஓரிடத்தில் பத்து நிமிடம் சும்மா இருக்க முடியாத மச்சான், உதவி கொண்டுவருகிறேன் என்று முழங்கால் சேற்றில் இறங்கி நடந்தார். ஒரு செருப்பு சேற்றோடு போனது. கயிறும் ஆளுமாகத் திரும்பி வர நாலு மணி நேரம் ஆனது. அதற்குள் படகில் இருந்த இருவரும் கல்யாணத் தேதியையே குறித்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் மாப்பிள்ளைதான் தரைதட்டியவர். காரைப் பின்னால் எடுத்தால், "பார்த்துங்க, மணல்திட்டு." பரண்மேல் ஏறினால், "இறங்கத் தெரியுமா, அண்ணனைக் கூப்பிடட்டுமா?" மச்சானோ எந்த விசேஷத்திலும் அந்த ஒற்றைச் செருப்புக் கதையை விடுவதில்லை.

மாப்பிள்ளை ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

இப்போது பழைய ஒயரை உருவினார். பின்சீட்டுக்கு அடியில் இருந்த பெட்டி வழியாக இழுத்தபோது அது முழுசாக வரவில்லை. பாதிதான் வந்தது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறுந்த முனையைப் பார்த்தார். எலி கடித்ததல்ல. உப்பு தின்றதல்ல. சின்னச் சின்னப் பிறையாக நாலைந்து கடி.

நகவெட்டி.

பால் பாக்கெட், மாத்திரை அட்டை, சட்டை நூல் எல்லாவற்றையும் நகவெட்டியால் வெட்டுகிற ஒரே ஜீவன், அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று புது சீலன்ட் பசை டியூபின் மூக்கைக் கடித்து எடுத்துக்கொண்டிருந்தது. நகவெட்டியால்தான்.

ஆக, கருவி தானாகச் சாகவில்லை. கொலை! இருபத்திரண்டு வருட வசைக்கும் பதில் அவர் உள்ளங்கையில் இருந்தது. சாயங்காலம் மச்சான் வரட்டும், இந்த முனையை அவர் மூக்குக்கு நேரே நீட்டவில்லை என்றால் பார்.

"இது என்ன?" என்றார், நீதிபதி குரலில்.

மனைவி முகத்தில் ஒரு சலனமும் இல்லை. காலையிலிருந்தே தயாராக இருந்தவள்போலத் தன் கண்ணாடிக் கூட்டைத் திறந்து, நாலாக மடித்த பழுப்புக் காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"முதல்ல இது என்னன்னு நீங்க சொல்லுங்க."

எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறும், எத்தனை மணிக்கு வற்றும் என்ற பட்டியல். அந்த ஞாயிற்றுக்கிழமையுடையது. அடியோடு வற்றும் நேரத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். ஓரத்தில் மணல்திட்டின் படம், அதன் நடுவில் ஒரு பெருக்கல் குறி.

கையெழுத்து அவருடையது.

அவர் ஒயர் முனையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அன்னிக்குக் காலையில லைஃப் ஜாக்கெட் எடுக்க அந்தப் பெட்டியைத் திறந்தேன், இது கிடந்துச்சு. இவ்வளவு யோசிச்ச ஆளு, ஆழம் மூணு அடிக்குக் கீழ போனா மெஷின் கத்தி ஊரைக் கூட்டுமேன்னு யோசிச்சீங்களா? பக்கத்துலயே எங்கண்ணன் உக்காந்திருக்காரு!"

அவர் யோசித்திருக்கவில்லை. அந்தக் கருவி கத்தும் என்பதே இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அப்புறம் எதுக்கு இத்தனை வருஷமா என்னைத் திட்டினே?"

"திட்டாம இருந்தா அண்ணனுக்குச் சந்தேகம் வந்திருக்காதா?"

"அண்ணன் இல்லாதப்பவும் திட்டினியே?"

"அது பழகிப்போச்சு."

சாயங்காலம் மச்சான் கரையிலேயே லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, செருப்பு இரண்டையும் கழற்றிக் கக்கத்தில் இடுக்கியபடி படகில் ஏறினார். புதுத் திரை ஒன்பது அடி என்றது. நம்பாமல் கழியை எடுத்துக் குத்திப் பார்த்தார். ஒன்பதேதான்.

"பழசுல என்னதான் கோளாறு, மாப்பிள்ளை?"

சட்டைப்பையில் இருந்த ஒயர் முனை மாப்பிள்ளையின் நெஞ்சைக் குத்தியது. பின்சீட்டில் நகவெட்டி ஒருமுறை 'டிக்' என்றது.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல மச்சான். எனக்குத்தான் அப்போ ஓட்டத் தெரியல."

மச்சானின் முகம் மலர்ந்துபோனது. "நான் அப்பவே சொன்னேன்ல!" என்று தங்கை பக்கம் திரும்பினார்.

"இப்ப மட்டும் தெரிஞ்சிடுச்சாக்கும்," என்றாள் அவள், கண்ணாடிக் கூட்டை மூடியபடி.