மச்சானைச் சேர்க்க வந்த மேஸ்திரி

மனநல ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பீம்ராவின் கையையும் ஜெயவேலின் கையையும் ஒரே துண்டு சேர்த்துக் கட்டியிருந்தது. பீம்ராவ் தலை கவிழ்ந்திருந்தான். தாடி மழிக்கவில்லை, பனியனில் ஓட்டை.

"அவுத்து வுட்டா ஓடிருவான்," என்று எதிர் பெஞ்சு ஆட்களிடம் ஜெயவேல் பெருமையடித்தான். "என் மச்சான். பொண்ணு குடுத்த வூட்ல இப்டி ஒரு லூசு. ராயபுரத்துல ஐஸ் ஒடைக்கிறான். இவன் மூளையும் ஐஸாட்டம் கரைஞ்சி போச்சி."

யாரும் சிரிக்கவில்லை. அவனே சிரித்துக்கொண்டான். தண்டையார்பேட்டை குடோனில் மேஸ்திரியாக இருந்தவன். மனுசனை மதிக்கிற பழக்கத்தை எங்கேயோ தொலைத்துவிட்டு வந்திருந்தான்.

அவன் பெண்டாட்டி அன்புக்கரசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்றைக்கு எப்படியாவது டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். போன வாரம் கடைத் தட்டிலிருந்து ஜாங்கிரியை அள்ளித் தின்றதற்குத் தெருவே கூடி உதைத்தது. குடிகாரன், திமிர் பிடித்தவன் என்று ஆளுக்கொரு பட்டம். அடிக்க வந்த அத்தனை கையில் ஒரு கைகூட ஆட்டோ பிடிக்க நீளவில்லை. இன்னொரு தரம் அந்த அடி விழுந்தால் உயிர் தங்காது.

"இன்னாத்துக்கு மூக்கு சிந்தற?" என்றான் ஜெயவேல். "உன் தம்பிய உள்ள தள்ளிட்டு, போற வழியில பிரியாணி துன்னலாம்."

"கம்முனு இருய்யா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுமே. லூசுங்கதானே?"

அக்கா புருசன் பேசப் பேச, பீம்ராவ் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் ஒரு கிழவர் பன்னைப் பிட்டு டீயில் நனைத்தார். ஜெயவேல் சடக்கென்று பிடுங்கித் தன் வாயில் திணித்துக்கொண்டான். "உனுக்கு இன்னாத்துக்கு பெருசு? பல்லா கீது?" அன்புக்கரசி கிழவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஒரு வழியாக உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் மகிமா நிமிர்வதற்குள் ஜெயவேல் முந்திக்கொண்டான். "தோ பாரு டாக்டரம்மா, ஊசியப் போட்டு இவன உள்ள வச்சிக்க. ஆமா, நீ இன்னா இவ்ளோ குண்டா கீற? ஆஸ்பத்திரி சோறு பூரா நீதான் துன்றியா?"

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. இரண்டு பேரிடமும் ஏதேதோ கேட்டார். பீம்ராவ் தலையை மட்டும் ஆட்டினான். அவனுக்கும் சேர்த்து ஜெயவேலே பேசினான். டாக்டர் அன்புக்கரசி பக்கம் திரும்பினார்.

"எப்ப இருந்தும்மா இப்படி?"

"ரெண்டு வருசமா மேடம். குடி கெடையாது. தங்கமான கொணம். பெத்த தாய் செத்துக் கெடக்கச் சொல்லோ, கோழிக்கறி இல்லையான்னு கேட்டுச்சி. ஒரு சொட்டு கண்ணீர் வரல."

ஜெயவேல் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"இது திமிரும் இல்ல, நீங்க நினைக்கிற பைத்தியமும் இல்ல," என்றார் டாக்டர். "மூளையோட முன்பக்கம் சுருங்கற நோய் மாதிரி தெரியுது. இங்க வார்டுலயே சில பேரு, இதுதான்னு தெரியாம வேற வேற நோய்ப் பேருல வருசக்கணக்கா கிடந்திருக்காங்க. சேர்த்துக்கறேன். முதல்ல ஸ்கேன் எடுப்போம்."

"சரியாயிடுமா மேடம்?"

"சரி பண்ற மருந்து இன்னும் வரலம்மா. ஆனா தெருவுல அடி வாங்காம பாத்துக்கலாம்."

அன்புக்கரசிக்கு அதுவே போதும் போலிருந்தது. சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள்.

"கேட்டுக்கினியா மச்சான்? உன் மூளை சுருங்கிப் போச்சாம்!" ஜெயவேல் கெக்கலித்தான். "சோத்தப் போட்டு வளத்தது தண்டம்!"

வார்டு ஆள் பென்னி வந்தார். பீம்ராவின் தோளைத் தொட்டு, "வா நைனா, ஸ்கேனுக்குப் போலாம்," என்றார்.

அப்போதுதான் பீம்ராவ் தலை நிமிர்ந்தான். பென்னியின் காதோரம் சாய்ந்து மெதுவாகச் சொன்னான்:

"நான் இல்லண்ணே, மாமாதான். அவருக்குன்னு சொன்னா வந்திருக்க மாட்டாரு."